ஏப்ரல் 15 வரை

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் பி.எச்டி. படிப்புக்கான விண்ணப்பங்கள் பெரும்பாலும் டிசம்பர் முதல் பதினைந்து நாட்களுக்குள் மூடப்படுகின்றன. முடிவுகள் ஜனவரிக் கடைசியில் ஒன்றிரண்டாக வரத் தொடங்கி, பிப்ரவரியில் சூடுபிடித்து, மார்ச் முழுக்க இழுக்கும். உதவித்தொகையுடன் இடம் கிடைத்தவர்கள் வருகிறேன், வரவில்லை என்று சொல்ல ஏப்ரல் 15 வரை அவகாசம் உண்டு. அங்குள்ள முதுநிலைக் கல்வி நிறுவனங்களின் கூட்டமைப்பு கொண்டுவந்த ஏற்பாடு அது. அதில் கையெழுத்திட்டுள்ள பல்கலைக்கழகங்கள் அந்தத் தேதிக்கு முன் பதில் கேட்டு மாணவரை நெருக்குவதில்லை என்று ஒப்புக்கொண்டிருக்கின்றன.

இந்த நான்கு மாதங்களில் விண்ணப்பித்தவர் செய்வதற்கு ஏறக்குறைய ஒன்றும் இல்லை. மனத்தில் மட்டும் இரண்டு கேள்விகள் ஓடிக்கொண்டிருக்கும். இடம் கிடைக்குமா என்பது ஒன்று. கிடைத்து, போய், ஐந்தாறு ஆண்டு உழைத்து முடித்தபின் வேலை என்ன ஆகும் என்பது மற்றொன்று. முதல் கேள்வி ஆளையே விழுங்கிவிடுகிறது. இடம் கிடைத்துவிட்டால் இரண்டாவதற்கும் சேர்த்தே விடை கிடைத்துவிட்டதாக வீட்டிலும் கல்லூரியிலும் எல்லோரும் எடுத்துக்கொள்கிறார்கள். கிடைக்காவிட்டால், இவனுக்கு ஆராய்ச்சி சரிப்படாது என்று தீர்ப்பே எழுதிவிடுகிறார்கள். இரண்டுமே பிழையான கணக்கு. அனுமதி முடிவு என்பது அந்த ஆண்டு அந்தத் துறையின் பணத்தையும் தேவையையும் பற்றி நிறையச் சொல்லும். மாணவரின் தரத்தைப் பற்றி அது சொல்வது கொஞ்சம்தான். வேலை எதிர்காலத்தைப் பற்றி அதைவிடவும் கொஞ்சம்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். 2023-24 கல்வியாண்டில் அமெரிக்காவில் 3,31,602 இந்திய மாணவர்கள் இருந்தார்கள் என்கிறது ஆண்டுதோறும் அங்கு வெளியாகும் ‘ஓப்பன் டோர்ஸ்’ அறிக்கை. 2009-க்குப் பிறகு முதல் தடவையாகச் சீனாவை இந்தியா முந்திய ஆண்டு அது. அவர்களில் 1,96,567 பேர் முதுநிலை, ஆய்வுப் படிப்புகளில் சேர்ந்தவர்கள். இதில் பெரும் பகுதி எம்.எஸ். மாணவர்கள், வங்கிக் கடன் வாங்கி, சொந்தச் செலவில் போகிறவர்கள். பி.எச்டி. அப்படியல்ல. அங்கே அறிவியல் துறைகளிலும் பெரிய பல்கலைக்கழகங்களின் இலக்கியம், வரலாறு, தத்துவம் போன்ற மானுடவியல் துறைகளிலும் பி.எச்டி. மாணவருக்குக் கல்விக் கட்டணம் கிடையாது. மாதா மாதம் உதவித்தொகையும் உண்டு. பதிலுக்கு அவர் இளநிலை வகுப்புகளில் பாடம் சொல்லித்தர வேண்டும், அல்லது பேராசிரியரின் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்க வேண்டும். அதாவது, ஒரு மாணவரைச் சேர்த்துக்கொள்ளும் துறை ஐந்து ஆண்டுச் சம்பளத்துக்கு ஒரு ஆளை எடுக்கிறது. எம்.எஸ். சேர்க்கையில் துறைக்குப் பணம் வருகிறது, பி.எச்டி. சேர்க்கையில் பணம் போகிறது. இதைப் புரிந்துகொண்டால் பாதி மர்மம் விலகிவிடும்.

முடிவை எடுப்பவர்கள் யார்? ஒவ்வொரு துறையிலும் நான்கைந்து பேராசிரியர்கள் கொண்ட குழு. சில நூறு கோப்புகள் வரும். சேர்க்கப்போவது சில துறைகளில் பத்துப் பதினைந்து பேர்; மானுடவியல் துறைகளில் அதைவிடவும் குறைவு. அந்தப் பேராசிரியர்களுக்கு வகுப்பும் ஆய்வும் வழக்கம்போல் இருக்க, இடையில்தான் இந்த வாசிப்பு நடக்கிறது. ஜூலி போசெல்ட் என்ற ஆய்வாளர் மூன்று பல்கலைக்கழகங்களில் பத்துத் துறைகளின் சேர்க்கைக் கூட்டங்களில் உட்கார்ந்து பார்த்து 2016-இல் ஒரு புத்தகம் எழுதினார். முதல் வடிகட்டலில் ஜி.ஆர்.இ. தகுதித் தேர்வு மதிப்பெண்ணும் படித்த கல்லூரியின் பெயரும் பெரும் பங்கு வகித்ததை அவர் காட்டினார். கெட்டிக்காரத்தனத்துக்கு அந்த மதிப்பெண்ணையே அடையாளமாக எடுத்துக்கொள்ளும் பழக்கம் பேராசிரியர்களிடம் ஊறிப்போயிருந்தது. பின்னால் பல துறைகள் ஜி.ஆர்.இ.யைக் கேட்பதையே நிறுத்திவிட்டன, பி.எச்டி.யை ஒருவர் முடிப்பாரா என்பதை அந்தத் தேர்வு நன்றாகக் கணிப்பதில்லை என்று வந்த ஆய்வுகள் அதற்கு ஒரு காரணம். நம் மாணவர்களுக்கு இது இரண்டு பக்கமும் வெட்டுகிறது. ஒரு தேர்வுச் செலவு மிச்சம். ஆனால் பெயர் தெரியாத கல்லூரியில் படித்த ஒருவர் தன் திறமையை எண்ணிக்கையாகக் காட்டுவதற்கு இருந்த ஒரே வழியும் அடைபட்டது. இப்போது எடை முழுக்க எஸ்.ஓ.பி. என்ற நோக்க அறிக்கை மீதும் பரிந்துரைக் கடிதங்கள் மீதும் விழுகிறது.

பரிந்துரைக் கடிதத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் தமிழ்நாட்டு மாணவர்கள் அதிகம் அடிபடும் இடம் அதுதான். கடிதம் எழுதும் ஆசிரியருக்குப் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு இணைப்பு வரும். திறந்தால் கடிதத்தைப் பதிவேற்றுவதற்கு முன் ஒரு கட்டம் நிற்கும். நீங்கள் இதுவரை பார்த்த மாணவர்களில் இவர் முதல் 1 விழுக்காட்டில் இருக்கிறாரா, முதல் 5-இலா, 10-இலா, 25-இலா என்று கேட்கும். அறிவுத்திறன், தனித்துச் செயல்படும் திறன், எழுத்து, பேச்சு என்று வரிசையாக ஒவ்வொன்றுக்கும் ஒரு டிக். அமெரிக்கப் பேராசிரியர்களுக்கு அந்தக் கட்டத்தின் வழக்கு தெரியும்: நல்ல மாணவர் என்றால் முதல் 5-க்குக் கீழே கை போகாது. நம் ஊரில் முப்பது ஆண்டு வகுப்பெடுத்த ஒரு நேர்மையான பேராசிரியர், “நல்ல பையன், ஆனா எல்லாத்துலயும் முதல்னு சொல்ல முடியாதே” என்று உண்மையாகவே யோசித்து 10-லும் 25-லும் டிக் போட்டுவிடுவார். அங்கே குழுவின் மேசையில் அது ஆசிரியரே கைவிட்ட மாணவர் என்று படிக்கப்படும். கடிதத்தின் உள்ளடக்கமும் அப்படித்தான். ‘கடின உழைப்பாளி, ஒழுக்கமானவர், பணிவானவர்’ என்று நாம் மனமார எழுதுவது நமக்கு உயர்ந்த பாராட்டு. குழு தேடுவது வேறு: ப்ராஜெக்டில் எந்தச் சிக்கலில் மாட்டினார், அதிலிருந்து எப்படி வெளியே வந்தார், ஆசிரியர் சொல்லாத எதைத் தானே யோசித்துச் செய்தார். ‘நீயே ஒரு டிராஃப்ட் எழுதிக் கொண்டா, கையெழுத்துப் போட்டுத் தர்றேன்’ என்ற நம் கல்லூரி வழக்கமும் மாணவருக்கு நன்மை செய்வதில்லை. தன்னைத் தானே புகழ்ந்து எழுதக் கூச்சப்படும் இருபத்திரண்டு வயதுப் பிள்ளையின் வரிகள் மூன்று கடிதத்திலும் ஒரே குரலில் ஒலிக்கும். இந்தக் கடிதங்கள் எழுதும் வேலையில் எனக்கும் பங்கு உண்டு. ஒரு மாணவருக்கு ஒரு நல்ல கடிதம் எழுத ஒரு முழு மாலை ஆகும். அந்த மாலையைக் கொடுக்க முடியாதவர்கள் முன்கூட்டியே சொல்லிவிடுவது மரியாதை.

சரி, கோப்பு நன்றாகவே இருக்கிறது, குழுவுக்கும் பிடித்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் முடிவு மாணவர் கையிலோ குழுவின் கையிலோ முழுமையாக இல்லை. ஆய்வுக்கூடம் உள்ள துறைகளில், எந்தப் பேராசிரியரிடம் இந்த ஆண்டு ஆய்வு நிதி இருக்கிறது, யார் புதிதாக ஆள் எடுக்கிறார், யார் ஓராண்டு விடுப்பில் போகிறார் என்பதெல்லாம் சேர்ந்துதான் இடங்கள் உருவாகின்றன. போன ஆண்டு எதிர்பார்த்ததைவிட அதிகம் பேர் வந்து சேர்ந்துவிட்டால் இந்த ஆண்டு இடம் குறையும். விண்ணப்பித்தவருக்கு இதில் ஒன்றும் தெரியாது.

2025-இல் நடந்ததைப் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் சான்று வேண்டாம். அந்த ஆண்டு பிப்ரவரியில், ஆய்வு மானியங்களோடு பல்கலைக்கழகங்களுக்குத் தரும் நிர்வாகச் செலவுப் பங்கை 15 விழுக்காடாகக் குறைப்பதாக அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனம் அறிவித்தது. வழக்குகள் வந்தன, நீதிமன்றம் தடுத்தது. ஆனால் பல்கலைக்கழகங்கள் காத்திருக்கவில்லை. சேர்க்கைப் பருவத்தின் நடுவிலேயே பல இடங்களில் எண்ணிக்கையை வெட்டினார்கள். மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் சான் மருத்துவப் பள்ளி உயிர்மருத்துவ ஆய்வு மாணவர்களுக்குக் கொடுத்த இடங்களையே திரும்பப் பெற்றுக்கொண்டது. பாஸ்டன் பல்கலைக்கழகம் அதற்கு முன்பே, 2024 நவம்பரில், ஆங்கிலம், வரலாறு, தத்துவம் உட்படப் பன்னிரண்டு ஆய்வுப் படிப்புகளுக்கு அடுத்த ஆண்டுச் சேர்க்கை இல்லை என்று அறிவித்திருந்தது. சிகாகோ பல்கலைக்கழகம் 2025 ஆகஸ்டில் தன் மானுடவியல் துறைகள் பலவற்றில் சேர்க்கையை நிறுத்தியது. ஹார்வர்டும் இலையுதிர் காலத்தில் அறிவியலிலும் மானுடவியலிலும் பி.எச்டி. இடங்களைப் பாதிக்கு மேல் குறைத்தது. இப்படி மூடிய கதவின் முன்னால் நின்ற ஒருவர், ‘நான் போதாதவன்’ என்று முடிவெடுப்பதில் என்ன நியாயம் இருக்கிறது? முந்தின ஆண்டு அதே கோப்போடு போயிருந்தால் உள்ளே போயிருக்கக் கூடியவர்கள் எத்தனையோ பேர்.

காத்திருப்பு எப்படிப்பட்டது என்பதை வீட்டில் இருப்பவர்கள் அறிவார்கள். பாஸ்டனில் மாலை 5 மணி என்றால் நமக்கு விடியற்காலை 3.30. அங்கே அலுவலகத்தைப் பூட்டிக்கொண்டு போகும் நேரத்தில்தான் முடிவுகளை அனுப்புவார்கள் என்று ஒரு நம்பிக்கை பரவியிருப்பதால், பிள்ளைகள் பிப்ரவரி முழுக்க மூன்று மணிக்கு அலாரம் வைத்து எழுந்து போர்ட்டலைத் திறக்கிறார்கள். ‘பரிசீலனையில் உள்ளது’ என்ற ஒரே வரி. கூட விண்ணப்பித்த யாருக்கோ அதே துறையிலிருந்து நேர்காணல் அழைப்பு வந்துவிட்டதாக வாட்ஸ்ஆப் குழுவில் செய்தி வரும். உயிரியல் துறைகளில் ஜனவரி, பிப்ரவரியில் நேர்காணல் உண்டு, கணிதம் போன்ற பல துறைகளில் அது இல்லாமலே முடிவு வரும். இந்த வேறுபாடு தெரியாமல் அழைப்பு வராததை நிராகரிப்பு என்று எடுத்துக்கொண்டு ஒரு மாதம் வீணாக வாடியவர்கள் உண்டு. பிப்ரவரி நடுவில் ‘அட்மிட்’ வராதவர்கள் பலருக்கு மார்ச் கடைசி வரை ‘ரிஜெக்ட்’டும் வராது. அவர்களில் சிலர் வெயிட்லிஸ்டில் இருப்பவர்கள். பல துறைகள் அந்தப் பெயரை வெளியே சொல்வதில்லை. முதல் பட்டியலில் இருப்பவர்கள் வேறு இடத்தைத் தேர்ந்துகொண்டால் இவர்களை அழைப்பார்கள்.

இதனால்தான் ஏப்ரல் முதல் இரண்டு வாரங்களில் எல்லாம் மொத்தமாக நகர்கிறது. நான்கு இடம் கையில் வைத்திருக்கும் ஒருவர் மூன்றை விட்டால் மூன்று பேருக்கு அழைப்பு போகும். அவர்கள் தங்களிடம் இருப்பதை விட்டால் மேலும் சிலருக்கு. மார்ச்சிலேயே முடிவு தெரிந்துவிட்ட மாணவர்கள் போகாத இடங்களை அன்றைக்கே எழுதி விட்டுவிட வேண்டும் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதற்காகத்தான். ஏப்ரல் 15 மாணவருக்குத் தரப்பட்ட பாதுகாப்பு, அதில் சந்தேகமில்லை. ஆனால் கடைசி நாள் வரை எல்லாவற்றையும் பிடித்து வைத்திருப்பதால் அவருக்கு ஒரு லாபமும் இல்லை. முகம் தெரியாத இன்னொருவரின் இரவுகள்தான் நீளுகின்றன.

துறைகளின் பக்கம் இதைவிடப் பெரிய கடமை இருக்கிறது. 75 முதல் 125 டாலர் வரை விண்ணப்பக் கட்டணம் வாங்குகிறார்கள். எட்டு இடத்துக்குப் போட்டால், தமிழ்நாட்டில் ஒரு நடுத்தரக் குடும்பத்தின் ஒரு மாத வருமானத்துக்கு மேல் போய்விடும். அவ்வளவு வாங்கிக்கொண்டு, சேர்க்கவே போவதில்லை என்று ஜனவரியில் முடிவான ஒருவருக்கு மார்ச் கடைசியில் சொல்வதற்கு எந்தக் காரணமும் பொருந்தாது. இந்த ஆண்டு எத்தனை இடம், முதல் சுற்று எப்போது முடியும் என்று இணையப் பக்கத்தில் இரண்டு வரி எழுதுவது எந்தத் துறைக்கும் பாரமில்லை.

இனி இரண்டாவது கேள்வி.

1989-இல் வில்லியம் போவன், ஜூலி ஆன் சோசா என்ற இருவர் அமெரிக்கப் பல்கலைக்கழக ஆசிரியப் பணியின் எதிர்காலத்தைக் கணித்து ஒரு புத்தகம் வெளியிட்டார்கள். போவன் பிரின்ஸ்டனின் தலைவராக இருந்தவர். தரவுகளைச் சாதாரணமாகக் கையாள்பவர் அல்லர். 1997-க்குப் பிறகு பேராசிரியர் பணிக்கு ஆள் கிடைக்காமல் பெரும் பற்றாக்குறை வரும் என்றார்கள். அதை நம்பி ஒரு தலைமுறையே பி.எச்டி.க்குள் நுழைந்தது. பற்றாக்குறை வரவில்லை. பல்கலைக்கழகங்கள் நிரந்தரப் பணியிடங்களைக் குறைத்து ஒப்பந்த ஆசிரியர்களைக் கொண்டு வகுப்புகளை நடத்தத் தொடங்கின. 1994 முதல் பேராசிரியர்களுக்கான கட்டாய ஓய்வு வயதும் சட்டத்தால் நீங்கியது. அடுத்த பத்தாண்டில் வேலை எப்படி இருக்கும் என்று யாராவது உறுதியாகச் சொன்னால் இந்தக் கதையை நினைத்துக்கொள்வது நல்லது, நல்லதாகச் சொன்னாலும் கெட்டதாகச் சொன்னாலும்.

கணிப்பு வேண்டாம், இருக்கும் நிலை என்ன? அமெரிக்கப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சங்கத்தின் கணக்குப்படி, நிரந்தரத்துக்கு வழியில்லாத பணியில் இருந்த ஆசிரியர்கள் 1987-இல் சுமார் 47 விழுக்காடு. 2021-இல் 68 விழுக்காடு. பொறியியல் துறைகளை வைத்து 2014-இல் வெளியான ஓர் ஆய்வு, ஒரு பேராசிரியர் தன் பணிக்காலம் முழுவதிலும் சராசரியாக 7.8 பி.எச்டி. மாணவர்களை உருவாக்குகிறார் என்று கணக்கிட்டது. அவருடைய நாற்காலியில் ஒருவர்தான் உட்கார முடியும். அப்படிப் பார்த்தால் ஏறத்தாழ எட்டில் ஒருவருக்குத்தான் அமெரிக்கப் பல்கலைக்கழகப் பணி. அந்த ஒருவரும் எங்கிருந்து வருகிறார்? ‘நேச்சர்’ இதழில் 2022-இல் வந்த ஆய்வு, அமெரிக்காவில் பட்டம் பெற்ற பேராசிரியர்களில் 80 விழுக்காட்டினர் ஐந்தில் ஒரு பங்குப் பல்கலைக்கழகங்களிலிருந்து மட்டும் வந்தவர்கள் என்று காட்டியது. பெர்க்லி, ஹார்வர்ட், மிச்சிகன், விஸ்கான்சின்-மேடிசன், ஸ்டான்ஃபோர்ட் ஆகிய ஐந்திலிருந்து மட்டும் எட்டில் ஒருவர். பட்டம் முடிப்பதே நிச்சயமில்லை என்பதும் கணக்கில் வர வேண்டும்: 2008-இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், சேர்ந்தவர்களில் பத்து ஆண்டுக்குள் பி.எச்டி. முடித்தவர்கள் சுமார் 57 விழுக்காடுதான்.

இந்த எண்களைப் படித்துவிட்டு எல்லோரும் திரும்பிவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. எண்கள் துறைக்குத் துறை மாறும். கணினி அறிவியலிலும் வேதியியலிலும் பட்டம் பெற்றவர்கள் நிறுவனங்களில் ஆராய்ச்சி செய்யப் போகிறார்கள். அதைத் தோல்வி என்று அந்தத் துறைகளில் யாரும் பார்ப்பதில்லை. வரலாற்றிலோ ஒப்பிலக்கியத்திலோ பல்கலைக்கழகத்துக்கு வெளியே அதே வேலையைத் தொடரும் வாய்ப்பு மிகக் குறைவு. ஆகவே சராசரியை வைத்துக்கொண்டு தன்னை எடைபோடுவது பயனற்றது. கேட்க வேண்டிய கேள்வி மிகச் சின்னது: இந்தத் துறையில் கடந்த பத்து ஆண்டில் சேர்ந்தவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள்? பொருளியல் துறைகள் பல தங்கள் மாணவர்கள் எங்கே வேலைக்குப் போனார்கள் என்று ஆண்டுவாரியாகவே பட்டியல் போடுகின்றன. உயிர் அறிவியலில் 2017 டிசம்பரில் ஒன்பது பல்கலைக்கழகங்களும் ஒரு புற்றுநோய் ஆய்வு மையமும் சேர்ந்து, சேர்க்கை, படிப்புக்காலம், பின்னாளைய வேலை எல்லாவற்றையும் வெளியிடுவதாக உறுதி எடுத்தன. வெளியிடாத துறையிடம் மார்ச் மாதம் இடம் கைக்கு வந்தபிறகு தயங்காமல் கேட்கலாம். அப்போது மாணவர் விண்ணப்பதாரர் அல்லர்; அவரைத் தங்களிடம் வரவைக்கத் துறைதான் முயன்றுகொண்டிருக்கும். பட்டியலைத் தராமல் மழுப்பினால் அதுவே ஒரு பதில்.

மூத்த மாணவர்களிடம் பேராசிரியர் இல்லாத நேரத்தில் பேசுவதும் முக்கியம். உதவித்தொகையில் வாடகைக்கு எவ்வளவு போகிறது, கோடை மாதங்களில் பணம் வருகிறதா, இந்தப் பேராசிரியரிடம் இருந்து யாராவது பாதியில் போனார்களா என்று கேட்டால் பெரும்பாலோர் உள்ளதைச் சொல்வார்கள். நம் பிள்ளைகள் பல்கலைக்கழகத்தின் தரவரிசையைப் பத்து இணையதளத்தில் பார்க்கிறார்கள். தாங்கள் ஐந்தாண்டு யார் கீழே வேலை பார்க்கப்போகிறோம் என்பதை ஒருவரிடமும் விசாரிப்பதில்லை. வழிகாட்டி நல்லவராக அமைவதற்கு ஒப்பாகப் பி.எச்டி.யில் வேறொன்றும் கிடையாது.

விசா நிலவரத்தையும் தள்ளிவிட முடியாது. 2025 மே கடைசியில் புதிய மாணவர் விசா நேர்காணல்களுக்கு நேரம் ஒதுக்குவதை நிறுத்தி, ஜூன் நடுவில் சமூக ஊடகச் சோதனையோடு மறுபடி தொடங்கினார்கள். செப்டம்பரில் புதிய எச்-1பி வேலை விசா விண்ணப்பங்களுக்கு 1 லட்சம் டாலர் கட்டணம் என்ற அறிவிப்பு வந்தது. மாணவர் விசாவில் உள்ளே இருப்பவர்கள் அங்கிருந்தபடியே மாறினால் அது பொருந்தாது என்று பின்னர் விளக்கினார்கள். ஆறு ஆண்டு கழித்து இந்த விதிகள் எப்படி இருக்கும் என்று யாராலும் கணிக்க முடியாது. ஆகவே திரும்பி வர நேர்ந்தால் என்ன என்ற கணக்கையும் இப்போதே போட்டுவிட வேண்டும்.

அந்தக் கணக்கு நம்மை நம் ஊருக்கே கொண்டுவருகிறது. இங்கேயும் காத்திருப்பு உண்டு. ஆனால் இங்கே ஏப்ரல் 15 கிடையாது. கல்லூரி ஆசிரியர் பணிக்குத் தகுதி தரும் யு.ஜி.சி. நெட் தேர்வு 2024 ஜூன் 18 அன்று நடந்தது; 9 லட்சத்துக்கும் மேற்பட்டோர் எழுதினார்கள்; மறுநாளே ரத்து செய்தார்கள். ஆகஸ்ட், செப்டம்பரில் மறுபடி எழுத வேண்டியிருந்தது. ஆய்வு மாணவர் சேர்க்கைக்கும் அதே தேர்வைத்தான் அந்த ஆண்டு முதல் அடிப்படையாக்கியிருந்தார்கள். நெட்டில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆய்வு உதவித்தொகை கிடைத்தவருக்கு மாதம் 37,000 ரூபாய், இரண்டு ஆண்டு கழித்து 42,000. தொகை மோசமில்லை, மாதா மாதம் ஒழுங்காக வருவதில்லை என்பது ஆய்வு மாணவர்களின் நெடுநாள் குறை. அதன் பிறகும் “கைடுகிட்ட இடம் இருக்கா?” என்ற கேள்வி நிற்கிறது. 2022 விதிகளின்படி ஒரு பேராசிரியரிடம் ஒரே நேரத்தில் 8 பேர், இணைப் பேராசிரியரிடம் 6, உதவிப் பேராசிரியரிடம் 4 என்று வரம்பு. முன்னால் சேர்ந்தவர் முடித்து வெளியேறினால்தான் இவருக்கு வழி.

முடித்தபின்? தமிழ்நாடு ஆசிரியர் தேர்வு வாரியம் அரசு கலை, அறிவியல் கல்லூரிகளில் 4,000 உதவிப் பேராசிரியர் பணியிடங்களுக்கு 2024 மார்ச்சில் அறிவிப்பு வெளியிட்டு, ஆகஸ்ட் 4 தேர்வு என்று நாள் குறித்தது. தேர்வு தள்ளிப்போனது. 2025 அக்டோபரில் 2,708 இடங்களுக்கு என்று மறுபடி அறிவிப்பு வந்தது. அதற்கு முன் 2019-இல் வந்த அறிவிப்பும் நியமனம் வரை போய்ச்சேரவில்லை. இடைப்பட்ட ஆண்டுகளில் வகுப்புகளை நடத்தியவர்கள் கௌரவ விரிவுரையாளர்கள்: ஏழாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள், மாதம் 25,000 ரூபாய், ஆண்டுக்குப் பதினொரு மாதம். இவர்களில் பலர் நெட் தேறியவர்கள், பி.எச்டி. முடித்தவர்கள். யு.ஜி.சி. 2019-இல் வகுத்த விதி, விருந்தினர் ஆசிரியருக்கு மாதம் 50,000 வரை தரலாம் என்கிறது. கௌரவ விரிவுரையாளருக்குப் பக்கத்து அறையில் அதே பாடத்தை நடத்தும் நிரந்தர உதவிப் பேராசிரியரின் தொடக்க அடிப்படைச் சம்பளம் மட்டுமே 57,700. நாற்பது வயதைத் தாண்டிய ஒருவர் மே மாதம் சம்பளம் இல்லாததால் விடைத்தாள் திருத்தப் போய் அதில் வரும் பணத்தில் பிள்ளைகளுக்குப் பள்ளிக் கட்டணம் கட்டுவதை நம் ஊர்களில் எங்கும் பார்க்கலாம். அமெரிக்காவின் 68 விழுக்காட்டைப் பற்றிப் பேசும்போது நாம் வேறு உலகத்தைப் பற்றிப் பேசவில்லை.

பெண்களுக்கு இந்த எடைபோடல் இன்னும் கடினமாக இருக்கிறது. எம்.எஸ்சி. முடிக்க இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயது. அமெரிக்க பி.எச்டி.க்கு ஐந்தாறு ஆண்டு. அறிவியலில் அதன்பின் போஸ்ட்டாக் ஆய்வுப் பணி இரண்டு மூன்று ஆண்டு. “அப்ப முப்பத்திரண்டு ஆயிடுமே” என்று அப்பா விரல்விட்டு எண்ணுவார். மகனுக்கு இந்தக் கணக்கு எந்த வீட்டிலும் இவ்வளவு துல்லியமாகப் போடப்படுவதில்லை. பிப்ரவரியில் முடிவு வரும் வரை மாப்பிள்ளை பார்ப்பதை நிறுத்திவைக்கும் பெற்றோர், மார்ச்சில் இடம் வராவிட்டால் ஏப்ரலில் ஜாதகத்தைக் கையில் எடுத்துவிடுகிறார்கள். அடுத்த ஆண்டு மறுபடி விண்ணப்பிக்கலாம் என்ற வழி, ஆண்களுக்கு இருப்பதுபோல் அவளுக்கு இருப்பதில்லை. ஆகவே ஒரு பெண்ணுக்கு அந்த ஆண்டு நிதி வெட்டால் இடம் தவறுவது, ஓராண்டு தாமதமாக முடியாமல் நிரந்தர இழப்பாகவே ஆகிவிடக் கூடும். இதைத் தெரிந்த கல்லூரி ஆசிரியர்கள் அந்தப் பெற்றோரை மார்ச் மாதத்திலேயே கூப்பிட்டு, இது உங்கள் பெண்ணின் குறையல்ல, இன்னொரு ஆண்டு கொடுங்கள் என்று சொன்னால் எடுபடும். ஆசிரியர் சொல்லுக்கு நம் வீடுகளில் இன்னும் மதிப்பிருக்கிறது.

போகலாமா என்று என்னிடம் வந்து கேட்பவர்களிடம் நான் ஒன்றைத்தான் கேட்கிறேன். கடைசியில் பேராசிரியர் வேலை கிடைக்காது என்று இப்போதே தெரிந்தாலும், இந்த ஐந்தாறு ஆண்டுகளை இந்தக் கேள்விகளோடு, இந்த ஊரில், இந்தச் சம்பளத்தில் கழிக்க உனக்கு விருப்பமா? ஆமாம் என்றால் போகலாம். வேலை கிடைத்தால் அது கூடுதல். இல்லை, வேலைக்காகத்தான் என்றால், அதே ஆண்டுகளில் அந்த வேலையைவிட நிச்சயமான வேறு வழிகள் இருக்கின்றன. இதைக் கேட்டுவிட்டு இரண்டு வாரம் யோசித்து வந்து, ‘இல்லை சார், எனக்கு வாத்தியார் வேலைதான் பிடிக்கும், ஆராய்ச்சி அவ்வளவாக இல்லை’ என்று சொன்னவர்கள் உண்டு. அவர்களில் யாரும் திறமை குறைந்தவர்கள் அல்லர்.

அவர்களுக்கு நான் காட்டக்கூடிய வழி தமிழ்நாட்டு அரசிடம் இருக்கிறது. ஆசிரியர் தேர்வு வாரியம் உதவிப் பேராசிரியர் தேர்வை ஆண்டுதோறும் குறித்த மாதத்தில், காலியாக உள்ள இடங்களுக்கு மட்டுமாவது, தவறாமல் நடத்த வேண்டும்; இப்போதிருக்கும் கௌரவ விரிவுரையாளர்களுக்கு யு.ஜி.சி. விதிப்படி 50,000 ரூபாயையும் பன்னிரண்டு மாதச் சம்பளத்தையும் தர வேண்டும். அப்படி ஒரு நாட்காட்டி இருந்தால், மிச்சிகனில் ஐந்தாம் ஆண்டில் இருக்கும் ஒருவர் திரும்பி வந்து தேர்வெழுதத் திட்டமிட முடியும். பெரம்பலூரில் எம்.எஸ்சி. இரண்டாம் ஆண்டில் இருக்கும் ஒருவர், அமெரிக்க விண்ணப்பம் போடுவதா, நெட்டுக்குப் படிப்பதா என்பதை இரண்டு பக்கத்திலும் தேதிகளை வைத்துக்கொண்டு ஆகஸ்டிலேயே முடிவு செய்ய முடியும்.